இன்னும் பூசணிக்காய் உடைக்கலை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, சட்டையில குங்குமம் ஒட்டிக்கும். ஆமா, பூசணிக்காதான். கிளாம்பாக்கத்துல ஏறும்போதே கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தாரு. மேல வைங்கன்னாரு. வச்சு, அது உருண்டு யார் மண்டையிலயாவது விழுந்தா? அதான் மடியிலயே வச்சிருக்கேன். இதுக்கு அரை டிக்கெட் எடுக்கணுமான்னு கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

கால்கிட்ட இருக்கற அந்த மூட்டையா? அதுவும் என்னுதுதான். அது வேற, விடுங்க.

நீங்க சிதம்பரமா? நல்லது. நான் அதுக்கு முன்னாடி முட்லூர்ல இறங்கிடுவேன். பேரு ஏகாம்பரம். சினிமா. நடிகர் இல்லை, இந்த மூஞ்சியைப் பார்த்தா தெரியலையா. புரொடக்‌ஷன் மேனேஜர். ஒரு படத்துக்கு சோறு, தண்ணி, வண்டி, ரூம், ஜெனரேட்டர், மாடு வேணும்னா மாடு, மழை வேணும்னா மழை, எல்லாத்தையும் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தற ஆளு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அதுல ஏழு வருஷம் ஒரே படம். அதுவும் ஒரே ஒரு ஷாட் பாக்கி.

ஷூட்டிங் முடிஞ்சா பூசணிக்கா உடைக்கறது தெரியும்ல? ஓட்டை போட்டு, உள்ள குங்குமம் கொட்டி, மேல கற்பூரம் ஏத்தி, கேமராவைச் சுத்திக் காட்டிட்டுப் போட்டு உடைப்போம். அது உடைஞ்சாத்தான் படம் முடிஞ்சதுன்னு அர்த்தம். உடைக்கறவரைக்கும் ஒருத்தனும் யூனிட்டை விட்டுப் போகக் கூடாது. எங்கயும் எழுதி வைக்கலை. ஆனா எழுதி வச்சதை மீறினவனைப் பார்த்திருக்கேன், இதை மீறினவனைப் பார்த்ததில்லை. எங்க படத்துக்கு இன்னும் உடைக்கலை. இதுவரைக்கும் ஆறு காய் வாங்கியாச்சு தம்பி. ஆறும் சாம்பார்லயும் கூட்டுலயும் போச்சு.

எல்லாம் எங்க மேடத்தாலதான்.

ஜெசிந்தா மேடம். தூத்துக்குடிக்காரங்க. பேப்பர்ல பார்த்திருப்பீங்க. சினிமாப் பக்கத்துல 'தயாரிப்பாளர் ஜெசிந்தா'ன்னு வரும், ஊர்ச் செய்தியில 'சமூக சேவகி ஜெசிந்தா'ன்னு வரும். பாதிப் பேர் ரெண்டும் வேற வேற ஆளுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. சினிமாக்காரங்ககிட்ட கேட்டா, அவங்க தொண்டு செய்யறவங்கப்பான்னுவாங்க. தொண்டு செய்யறவங்ககிட்ட கேட்டா, அவங்க சினிமாக்காரங்களாச்சேன்னுவாங்க. ரெண்டு வீட்டுக் கல்யாணத்துலயும் பந்தியில எடமில்லாத கதை. அதுக்கெல்லாம் அவங்க அசர மாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே நின்னுட்டு, சமையக்கட்டுப் பக்கம் போயி யாரு சாப்பிடலைன்னு பார்ப்பாங்க.

பெரிய கம்பெனி, பெரிய ஹீரோ, ஒண்ணும் கிடையாது. சொந்தமா எடுக்கறது. முதல் படம் வெளிநாட்டுல பரிசு வாங்குச்சு, நம்ம ஊர்ல மூணு நாள் ஓடுச்சு. மூணாவது நாள் மேட்னி ஷோவுக்கு நானும் மேடமும் ஒரு பூனையும்தான். பூனை கடைசிவரைக்கும் பார்த்துச்சுன்னு மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டாவது படம் செங்கல் சூளையில நடக்கற கதை. லொக்கேஷன் பார்க்கப் போனா, அங்க பதினோரு குடும்பம் முன்பணம் வாங்கின குத்தத்துக்கு வெளிய காலெடுத்து வைக்க முடியாம கிடக்குது. மேடம் லொக்கேஷனையா பார்த்தாங்க? நேரா கோட்டாட்சியர் ஆபீஸுக்குப் போனாங்க. அஞ்சு நாள் அங்கயே உக்காந்தாங்க. ஆறாவது நாள் அதிகாரிங்க வந்து விடுவிச்சு, பதினோரு குடும்பமும் எங்க யூனிட் பஸ்ஸுலயே ஊருக்குப் போச்சு. அப்புறம் சூளைக்காரன் எங்களுக்கு ஷூட்டிங் நடத்த எடம் குடுப்பானா? சாலிகிராமத்துல ஒரு காலி மனையில புதுசா சூளை மாதிரி செட் போட்டேன். போட்டது யாரு? நான். பேரு யாருக்கு? மேடத்துக்கு.

முன்னாடியே சொல்லிடறேன் தம்பி, எனக்கும் சேவைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் சினிமாக்காரன். அந்தப் பதினோரு குடும்பத்துல ரெண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கேன், இல்லைன்னு சொல்லலை. அது பத்திரிகை வச்சாங்க, போனேன்.

இன்னொண்ணு. மேடம் என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க ஊர்ல அது மரியாதை. மெட்ராஸ்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர். லைட்மேன்ல இருந்து மேக்கப்மேன் வரைக்கும், "அண்ணாச்சி, கால் கிலோ கடலைப்பருப்பு"ன்னு கிண்டல். மேனேஜர்னு கூப்பிடுங்க மேடம்னு நாலு தடவை சொன்னேன். சரி அண்ணாச்சின்னாங்க.

மூணாவது படம்தான் இது. இதுக்கு ஹீரோ யாரு தெரியுமா? பிச்சாண்டி ஐயா. விழுப்புரம் பக்கம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, ஆனா நூறு படத்துல பார்த்திருப்பீங்க. பொணமா. அவரு மாதிரி மூச்சடக்கிப் படுக்க இன்டஸ்ட்ரியில ஆளில்லை. மூக்கு மேல ஈ உக்காந்தாலும் அசைய மாட்டாரு. முப்பது வருஷம் தம்பி. பாதிப் படத்துல முகத்துல துணி மூடிடுவாங்க. அவரு சம்சாரம் தியேட்டருக்குப் போயி, காலைப் பார்த்து இதுதான் நம்ம ஆளுன்னு அடையாளம் சொல்லுமாம்.

அந்த மனுஷனை மேடம் ஹீரோவாப் போட்டாங்க. பல வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடக்கற ஒரு கிழவர். கடைசி ஷாட்டுல கதவைத் திறந்து மழையில இறங்கி வரணும். மழையைப் பார்த்து ஒரே வார்த்தை கேக்கணும். "வந்துட்டியா." அவ்வளவுதான் வசனம். அந்த ஒத்தை வார்த்தையை அவரு ஆறு மாசம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாரு. டீ வந்தா டீயைப் பார்த்து வந்துட்டியாம்பாரு. என்கிட்ட ஒரு நாள் சொன்னாரு, மேனேஜரே, நான் போறதுக்குள்ள என் முகத்தை ஒரு தடவை திரையில என் வூட்டுக்காரி பாத்துடணும், அது போதும்னு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்தப் படத்தை முடிச்சு, பூசணிக்காயை என் கையால உடைச்சே தீருவேன்னு.

முட்லூர்ல இருந்து உள்ள போனா ஆத்தோரமா ஒரு குப்பம். அங்கதான் கடைசி ஷெட்யூல். ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை. யூனிட் தங்கினது ஊர்ப் பள்ளிக்கூடத்துல, மழை லீவு விட்டிருந்தாங்க. நாளைக்குக் கடைசி நாள். மழை லாரி வந்து நிக்குது. பூசணிக்கா பதினாலு கிலோ, பழுதில்லாம, சாம்பல் பூத்து அம்சமா இருக்கும். வாங்கி டிரங்குப் பெட்டியில போலீஸ் தொப்பிக்கு அடியில ஒளிச்சு வச்சேன். படத்துல ஒரு போலீஸ் சீன் உண்டு.

காலையில நாங்க செயற்கை மழைக்குக் குழாய் மாட்டிக்கிட்டிருக்கோம், நிஜ மழை ஆரம்பிச்சுடுச்சு. டைரக்டர் துள்ளிக் குதிக்கறாரு. மழைன்னா எங்க லாரி மழை எல்லாம் தூறல், அப்படி ஒரு மழை. பத்து மணிக்கு ஆத்தங்கரை உடைஞ்சுச்சு. பதினோரு மணிக்கு ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்து நிக்குது. மேட்டுல இருக்கற ஒரே கட்டடம் அதுதான். ஆடு, கோழி, தையல் மெஷின், கைக்குழந்தை, எல்லாம். நாங்க அறுபத்திநாலு பேர். அவங்க முந்நூத்தி நாப்பது பேர்.

மேடம் மெகாஃபோனைக் கையில எடுத்தாங்க. பேக்கப் சொல்லி எங்களை ஊருக்கு அனுப்பப் போறாங்கன்னு நினைச்சேன். "லஞ்ச் பிரேக்"ன்னாங்க. அந்த லஞ்ச் பிரேக் பதினோரு நாள் போச்சு தம்பி.

நான் சண்டைதான் போட்டேன். மேடம், நாம சினிமா எடுக்க வந்தோம், இது சர்க்கார் வேலைன்னேன். அவங்க கோவப்படலை.

"ரெண்டும் ஒரே சோலிதான அண்ணாச்சி. ஒண்ணுமில்லாத எடத்துல இத்தன பேருக்குச் சோறும் வெளக்கும் கொண்டுபோயி நிறுத்துதோம். கேமரா ஓடுனா சினிமா, ஓடலன்னா இது. ஒங்களுக்குத் தெரியாத வேலையா?"

எண்ணிப் பார்த்தேன். ஜெனரேட்டர் இருக்கு, மெஸ் இருக்கு, தார்ப்பாய் இருக்கு, வாக்கி டாக்கி இருக்கு. மழை லாரியில நல்ல தண்ணி பன்னண்டாயிரம் லிட்டர் இருக்கு. நான் செஞ்சதெல்லாம் என் மேனேஜர் வேலை. வரிசை நிக்க வச்சேன், டோக்கன் குடுத்தேன், பாலுக்குப் படகு அனுப்பினேன். அரிசி, பருப்பு பக்கத்து ஊர்ல இருந்து இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டு வந்தோம். ரெண்டாவது நாளே ஊர் மொத்தமும் என்னை அண்ணாச்சின்னுது. அரிசி பருப்பு குடுக்கறவனை வேற என்னன்னு கூப்பிடும்?

மேடத்துக்கு ஒரு வழக்கம். யாரு வந்து எதிர்ல நின்னாலும், "வெங்காயம் உரிக்கத் தெரியுமா?"ன்னு கேப்பாங்க. கேமராமேனைக் கேட்டாங்க. ரெண்டு தேசிய விருது வாங்கினவரு, அழுதுக்கிட்டே உரிச்சாரு. நனைஞ்சு வந்தவங்களுக்கு மாத்துத் துணி இல்லைன்னு காஸ்ட்யூம் பெட்டியைத் திறந்து குடுத்தோமா, பதினாறு பேருக்கு போலீஸ் யூனிஃபார்ம்தான் கிடைச்சுது. மூணாவது நாள் தாசில்தார் படகுல வந்தாரு. பார்த்தா வாசல்ல ஒரு போலீஸ் குழந்தைக்கு மூக்கு சிந்தி விடறாரு, ஒரு போலீஸ் ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. எந்த ஸ்டேஷன்னு கேட்டாரு. இன்ஸ்பெக்டர் டிரெஸ்ல இருந்த மீன்காரர் ஒருத்தர் சல்யூட் வச்சு, "ஸ்டேஷன் தண்ணில போயிடுச்சுங்க"ன்னாரு. தாசில்தாருக்கு சிரிக்கறதா திட்டறதான்னு தெரியலை. அதுக்குள்ள மேடம் கேட்டுட்டாங்க, சார், வெங்காயம் உரிக்கத் தெரியுமான்னு. நல்ல மனுஷன், ரெண்டு கிலோ உரிச்சுட்டுத்தான் ரிப்போர்ட் எழுதினாரு.

அஞ்சாவது நாள் வெங்காயமும் தீர்ந்துச்சு. வெறும் பருப்பும் சோறும். ஆறாவது நாள் குழந்தைங்க தட்டைத் தள்ளி விடுதுங்க. ஒரு காய் கிடையாது, கீரை கிடையாது. மேடத்துக்கு டிரங்குப் பெட்டி விஷயம் தெரியும். கேக்கலை. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதான் அவங்க தந்திரம், கேக்க மாட்டாங்க. தட்டை மட்டும் பார்த்துக்கிட்டு நிப்பாங்க.

பிச்சாண்டி ஐயாதான் வந்தாரு. மேனேஜரே, அந்தக் காய எடுங்கன்னாரு. ஐயா, அது உங்க படம் முடிஞ்சா உடைக்கறதுக்கு, அதை வெட்டினா படம் முடியாதுன்னு அர்த்தம், வேண்டாம்னேன்.

"எத்தினியோ படத்துல செத்திருக்கேன். ஒரு படம் முடியலன்னா செத்தா பூடுவேன்? வெட்டு மேனேஜரே."

நான் வெட்டலை தம்பி. கத்தி என் கையில இருந்துச்சு, அவ்வளவுதான். அவரு வந்தப்பவே காயும் கத்தியும் என் மடியில இருந்துச்சு, காய்ல பாதிக்குத் தோல் சீவியாச்சுன்னு அவரு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. வயசானவரு, ஞாபகம் பிசகும். குங்குமம் வச்சிருந்தேன்னா அதைச் சமைச்சிருக்க முடியாது. வைக்காம விட்டது ஒண்ணுதான் என் தப்பு. நானூத்தி நாலு பேருக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு வந்துச்சு. குழந்தைங்களுக்கு மூணு.

தண்ணி வடிஞ்சதும் வெயில் அடிச்சுடுச்சு. அந்த ஷாட்டுக்கு மேகம் வேணும். வெயில்ல லாரி மழை விட்டா தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சற மாதிரி இருக்கும்னு டைரக்டர் மாட்டேன்னுட்டாரு. சரி, அடுத்த கார்த்திகைன்னு வந்தோம். வந்தா டெல்டா பக்கம் புயல். வண்டியை அப்படியே திருப்பினாங்க. காய் அங்க சாம்பார். அதுக்கடுத்து கொரோனா. ஷூட்டிங்கே கூடாது, ஆனா மெஸ் வேன் மட்டும் ஊருக்கு நடந்து போற வடநாட்டுப் பசங்களுக்கு நாப்பது நாள் ஓடுச்சு. அவங்களுக்கு நம்ம பூசணிக்கா கூட்டு பிடிக்கலை, அல்வா பண்ணிக் குடுத்தோம். ஒரு வருஷம் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை, நான் கும்பிட்டுட்டு வந்து இறங்கினா, கார்த்திகையில சித்திரை வெயில். மேகம் மருந்துக்கும் இல்லை. காய் அங்கன்வாடிக்குப் போச்சு.

ஒவ்வொரு வருஷமும் யூனிட்டைக் கூட்டறது என் பொறுப்பு. ஒவ்வொருத்தனும் இப்ப பெரிய பெரிய படத்துல இருக்கான். நான் போன் போட்டு ஒரே வார்த்தைதான் சொல்வேன். "டேய், இன்னும் பூசணிக்கா உடைக்கலை." வந்து நிப்பான். என் மேல அவ்வளவு பயம். பிச்சாண்டி ஐயா ஏழு வருஷமா அந்தத் தாடியை எடுக்கலை தம்பி. ஷாட்டுல தாடி அதே அளவு இருக்கணும்ல. அளந்து அளந்து கத்தரிச்சு வச்சிருக்காரு. பொண்ணு கல்யாணத்துலயும் அதே தாடி. ஷாட்டுல போடற சட்டையைத் துவைக்காம பெட்டியில வச்சிருக்காரு. சம்சாரம் அந்தப் பெட்டியை வீட்டுக்குள்ள விட மாட்டேன்னு சண்டை. இப்ப அவருக்கு எழுபத்தாறு.

அதனாலதான் இந்தத் தடவை உஷாராயிட்டேன். நேத்து பூரா கோயம்பேட்டுல அலைஞ்சு இந்தக் காயைப் பிடிச்சேன். வீட்டுலயே ஓட்டை போட்டு குங்குமம் கொட்டிட்டேன். இனிமே மேடம் பார்த்துக்கிட்டு நின்னாலும் சரி, பிச்சாண்டி ஐயா வந்து சொன்னாலும் சரி, இதை எவனும் சமைக்க முடியாது. உடைச்சுத்தான் ஆகணும். யூனிட் முந்தாநாளே போயாச்சு. நான் காயோட போறேன்.

மூட்டையிலயா? ரெண்டு காய். குங்குமம் வைக்காதது. அப்புறம் ஒரு அஞ்சு கிலோ வெங்காயம். ஏன் சிரிக்கறீங்க? வானத்தைப் பாருங்க, எப்படிக் கருத்துக் கிடக்குது. இதுக்குப் பேரு சேவை இல்லை தம்பி, முன்ஜாக்கிரதை.

ஒரு நிமிஷம், மேடம்தான். ஹலோ. ஆமா மேடம், கடலூர் தாண்டியாச்சு. ம். என்னது? எப்போ? ஐயா சொன்னாரா? அப்படியா. சரி மேடம். இல்லையில்லை, சந்தோஷம்தான். பத்திரமா இருக்கு. வந்துடறேன்.

ஷாட் எடுத்தாச்சாம் தம்பி.

காலையில ஏழரைக்கு மேகம் கூடுச்சாம். என் காய்க்காக நிப்பாட்டி வச்சா மேகம் நிக்குமா, எடுத்துட்டாங்க. ஒரே டேக். ஐயா கதவைத் திறந்து வந்து, "வந்துட்டியா"ன்னு கேட்டாராம், டைரக்டர் கட் சொல்ல மறந்துட்டாராம். ஐயா சம்சாரமும் வந்திருக்கு. மானிட்டர்ல முகத்தைப் பார்த்துட்டு, காலை விட முகம் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுச்சாம். ஐயா சட்டையை அங்கயே கழட்டிப் போட்டுட்டு நேரா சலூனுக்குப் போயிட்டாராம். தாடியை எடுக்க.

தை மாசம் ரிலீஸ் பண்ணிடலாம்னு மேடம் சொல்றாங்க. எல்லாரும் எனக்காகத்தான் நிக்கறாங்களாம். நான் போயி காயை உடைச்சதும் சாயங்காலம் கிளம்பிடுவாங்களாம்.

சந்தோஷம். சந்தோஷமில்லாம என்ன? ஏழு வருஷத் தலைவலி. இனிமே கார்த்திகை மாசம் நான் பாட்டுக்கு வீட்டுல உக்காந்து தீபம் ஏத்தலாம். வீட்டுக்காரிக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதிதான்.

இல்லை தம்பி, ஒண்ணு யோசிக்கறேன். அடுத்த வருஷம் எங்கயாவது தண்ணி வந்துச்சுன்னா, பசங்களுக்கு போன் போட்டு என்ன சொல்லிக் கூப்பிடறது? இவ்வளவு நாள் பூசணிக்கா உடைக்கலைன்னேன். வாங்கப்பா, சேவை செய்யலாம்னா கூப்பிடறது? எனக்கு வாயில வராது. நான் சினிமாக்காரன்.

முட்லூர் வந்துடுச்சு போலிருக்கு. கண்டக்டர், இறங்கணும்! தம்பி, இதைக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க, கனமா இருக்கும். நான் மூட்டையை மட்டும் தூக்கிக்கறேன், அது சமையலுக்கு. எல்லாம் தெரிஞ்சுதான் குடுக்கறேன் தம்பி, வச்சுக்கங்க. பஸ்ஸுல மறந்து வச்சுட்டேன்னு சொல்லிக்கறேன். வயசாச்சுல்ல, ஞாபகம் பிசகும். படம் ரிலீஸ் ஆகட்டும், நல்லா ஓடட்டும், ஐயா முகத்தை ஊரே பார்க்கட்டும். காய் மட்டும் பாக்கி இருக்கட்டும்.

உடைச்சுடாதீங்க. ஆத்துல போடாதீங்க. வீட்டுல ஒரு மூலையில வைங்க, குங்குமம் கொட்டின காய், அழுகினா வேற ஒண்ணு வாங்கி வைங்க. உங்க நம்பர் சொல்லுங்க. வெங்காயம் உரிக்கத் தெரியுமா? தெரியாட்டி பரவாயில்லை, கேமராமேனுக்கும் தெரியாது.

அப்ப நீங்களும் யூனிட்தான் தம்பி. பூசணிக்கா உடைக்கறவரைக்கும் போகக் கூடாது, சொல்லிட்டேன்.